பகுதி சந்திர கிரகணம்: அதே கிரகணம் மறுபடி எப்போ வரும்?

கிரகணம் முடியும்வரை சாப்பிடக்கூடாது, கர்ப்பிணிகள் வெளியே வரக்கூடாது என்று பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீங்க. கேமரன் மலைத் தேயிலைத் தோட்டம் முதல் கோலாலம்பூர் அடுக்குமாடி வரை பல தமிழ் வீடுகளில் இந்தப் பேச்சு உண்டு. ஆனால், அந்த நேரத்தில் வானத்தில் நடப்பது என்ன?

பகுதி கிரகணம் என்றால்?

சூரியனுக்கும் நிலவுக்கும் நடுவில் பூமி வரும்போது, பூமியின் நிழல் நிலவின் மேல் விழும். நிலவு முழுசாக நிழலுக்குள் போனால் முழு கிரகணம். ஒரு பாகம் மட்டும் மாட்டினால் பகுதி கிரகணம். நிலவின் பாதை சுமார் 5 பாகை சாய்ந்திருப்பதால், பெரும்பாலான பௌர்ணமிகளில் அது நிழலுக்கு மேலேயோ கீழேயோ நழுவிவிடுகிறது.

18 ஆண்டு, 11 நாள், 8 மணி நேரம்

இந்த இடைவெளியில் 223 முறை பௌர்ணமி வந்துபோகும். சூரியன், பூமி, நிலவு மூன்றும் ஏறக்குறைய பழைய நிலைக்குத் திரும்ப, அதே மாதிரி கிரகணம் மறுபடி வரும். இதுதான் சாரோஸ் சுழற்சி. பண்டைய பாபிலோனியர்களுக்கே இந்தக் கணக்கு தெரியும்.

2005 அக்டோபர் 17, மலேசிய நேரப்படி இரவு 8 மணி வாக்கில், நிலவின் விட்டத்தில் சுமார் 6 விழுக்காடு நிழலில் மறைந்தது. அதே வரிசையில் அடுத்தது 2023 அக்டோபர் 29 அதிகாலை 4.14-க்கு வந்தது, இம்முறை சுமார் 12 விழுக்காடு. அதற்கடுத்தது 2041 நவம்பர் 8. அப்போது நமக்கு நண்பகல், நிலவே தெரியாது!

காரணம் அந்த 8 மணி நேரம்தான். அதற்குள் பூமி மூன்றில் ஒரு பங்கு சுழன்றுவிடுகிறது. மூன்று சுற்று முடிந்தால்தான் நேரம் பழையபடி பொருந்தும்: 2059 நவம்பர் 19, இரவு 9 மணி வாக்கில். 2005-இல் கைக்குழந்தையாக இருந்தவருக்கு அப்போது 54 வயது ஆகியிருக்கும்.

அவ்வளவு நாள் காத்திருக்கணுமா?

வேண்டாம். ஒரே காலத்தில் பல சாரோஸ் வரிசைகள் ஓடுகின்றன. வேறொரு வரிசையைச் சேர்ந்த பகுதி கிரகணம் 2028 ஜூலை 7 அதிகாலை 2.20 வாக்கில் உச்சமடையும். மேகமும் மூடுபனியும் விலகினால் கேமரன் மலையிலும் பார்க்கலாம். வெறுங்கண்ணே போதும்.

கிரகண நிலவிலிருந்து புதிதாக எந்தக் கதிரும் வருவதில்லை. அதனால் வீட்டில் கர்ப்பிணி இருந்தால் பட்டினி போடாதீங்க. பசித்தால் சாப்பிடட்டும், தாகமெடுத்தால் தண்ணீர் குடிக்கட்டும், ஆசைப்பட்டால் நிலாவையும் பார்க்கட்டும்.