ஜாக்கியை நம்பி காருக்கு அடியில் படுக்காதீர்கள்!

சேரப்பணஞ்சேரி வட்டாரத்தில் காருக்குப் பஞ்சமே இல்லை. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998 முதல் கார் செய்கிறது. பக்கத்து ஒரகடத்தில் ரெனோ-நிசான் தொழிற்சாலை 2010-ல் வந்தது.

தொழிற்சாலைக்குள் கார் தலைக்கு மேலே தொங்கிக்கொண்டு வரும். தொழிலாளி நின்றபடியே அடியில் நட்டு முடுக்குவார்.

அதே தொழிலாளி ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலில் தன் பழைய காருக்கு ஆயில் மாற்றும்போது கதையே வேறு! தரையோ மண். தூக்குவது டிக்கியில் கிடந்த ஜாக்கி. "அஞ்சு நிமிஷ வேலைதானே" என்று அடியில் தலையை விடுகிறார்.

இங்கேதான் ஆபத்து!

டிக்கி ஜாக்கி எதற்கு?

பெருக்கல் குறி போல மடங்கும் அந்த திருகு ஜாக்கி, ஸ்டெப்னி மாற்ற மட்டும்தான். அடிப்பகுதி குறுகல். கார் ஒரு சாண் உருண்டால் போதும், சாய்ந்துவிடும்.

ஆயில் ஜாக்கி பலசாலிதான். ஆனால் உள்ளே வாஷர் தேய்ந்துவிட்டால் ஆயில் கசியும். ஜாக்கி மெல்ல இறங்கும். சில சமயம் ஒரேயடியாக இறங்கும்! ஒரு சின்ன ஆல்டோ காரே சுமார் 700 கிலோ. நெஞ்சு தாங்குமா?

ஜாக்கி தூக்கத்தான். தாங்குவதற்கு இரும்பு ஸ்டாண்டு வேண்டும். மூன்று, நான்கு கால் வைத்து, பின் குத்தி உயரம் மாற்றும் ஸ்டாண்டு ஜோடியாகவே கிடைக்கும். கட்டட வேலையில் மிஞ்சிய ஹாலோ பிளாக்கை முட்டுக் கொடுப்பவர்கள் உண்டு. அது விரிசல் காட்டாமலே பொடிந்துவிடும். கூடவே கூடாது!

எதை வாங்கலாம்?

சின்ன காரின் ஒரு மூலையைத் தூக்கினால் ஜாக்கி மேல் விழுவது இருநூறு, முந்நூறு கிலோதான். 2 டன் ஜாக்கி தாராளம். 5 டன் ஜாக்கிக்குக் கொடுக்கும் காசை ஸ்டாண்டில் போடுங்கள்.

பாட்டில் ஜாக்கி விலை குறைவு. ஆனால் அதற்கே ஒரு உயரம் உண்டு. டயர் பஞ்சராகி கார் தாழ்ந்தால் அடியில் நுழையாது! கடைக்குப் போகுமுன் டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். சக்கரம் வைத்த டிராலி ஜாக்கி தாழ்வாக நுழையும்; ஆனால் சிமென்ட் தரை வேண்டும்.

சென்னை புதுப்பேட்டையில் பழைய ஜாக்கி மலிவு. வாங்கிய அன்றே காரைத் தூக்கி நிறுத்தி, உயரத்தை அளந்து, அரை மணி கழித்து மறுபடி அளந்து பாருங்கள். கொஞ்சம் இறங்கியிருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அடியில் போகும் முன்...

பெரும்பாலான கார்களில் ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்தை மட்டுமே பிடிக்கும். பின்பக்கம் முழுவதையும் தூக்கிவிட்டால் அதனால் பிரயோசனம் இல்லை! காரை கியரில் போட்டு, முன் சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டையை அண்டை கொடுக்க வேண்டும்.

சக்கர நட்டுகளைத் தூக்குமுன்பே லேசாகத் தளர்த்திவிடுங்கள். ஜாக்கி வைக்கும் இடம் காரோடு வந்த புத்தகத்தில் இருக்கும். கண்ட இடத்தில் வைத்தால் தகடு நெளியும். ஸ்டாண்டில் இறக்கியதும் காரை நன்றாக ஆட்டிப் பாருங்கள்.

மண் தரையானால் ஜாக்கிக்கும் ஸ்டாண்டுக்கும் அடியில் கெட்டிப் பலகை அவசியம். முந்தின நாள் மழை பெய்திருந்தால் வேலையை அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப் போடுங்கள்.