கோத்தகிரி: மலையும் மக்களும்

மலையூர் என்றதும் கோடைவாசமும் உல்லாசப் பயணமுமே பலருடைய நினைவுக்கு வருகின்றன. ஆனால் மலையிலும் பயிரிட்டுப் பிழைப்போர் உண்டு. விலையும் கடனும் அவர்களையும் வாட்டுகின்றன. நம் அங்கத்தினர்கள் அறிந்திருக்க வேண்டிய அத்தகைய ஊர்களுள் ஒன்று நீலகிரி மாவட்டத்திலுள்ள கோத்தகிரி.

இருப்பிடம்

மேட்டுப்பாளையத்திலிருந்து மலைப்பாதையில் சுமார் 33 கிலோமீட்டர் ஏறினால் கோத்தகிரியை அடையலாம். கடல் மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்தில் உள்ள இவ்வூரில், 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி சுமார் 28,000 மக்கள் வசித்தனர். ஊருக்கு மேற்கே 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாவும் அதன் தொடரும் மதில்போல் நின்று தென்மேற்குப் பருவக்காற்றின் வேகத்தைத் தணிக்கின்றன. ஆகையால் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பெய்யும் வடகிழக்குப் பருவமழையே இங்கு முக்கியமானது. பயிரை வாழ்விக்கும் அம்மழையே சில ஆண்டுகளில் மலைச்சரிவுகளைப் பெயர்த்தும் விடுகின்றது. 2009 நவம்பரில் நீலகிரியில் ஏற்பட்ட மண்சரிவுகளில் நாற்பதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஊரை அடுத்துள்ள லாங்வுட் சோலை போன்ற காடுகள் மண்ணையும் நீரையும் பிடித்து வைப்பவை. அவற்றைக் காப்பது விவசாயியின் சொந்த நலனேயாகும்.

பண்டமாற்று

கோத்தர்கள் வாழ்ந்த இடமாதலால் ஊருக்கு இப்பெயர் ஏற்பட்டது. நீலகிரியில் ஏழு ஊர்களில் வாழ்ந்துவரும் இம்மக்கள் கொல்லர்களாகவும் தச்சர்களாகவும் இசைவாணர்களாகவும் விளங்கினர்; அவர்களுடைய பெண்கள் மட்பாண்டம் வனைந்தனர். படகர்கள் தானியம் தந்தனர். தோதவர்கள் நெய் தந்தனர். குறும்பர்கள் தேனும் பிற காட்டுப் பொருள்களும் கொணர்ந்தனர். இவ்வாறு ஒருவர் தேவையை மற்றொருவர் நிறைவேற்றிப் பல தலைமுறைகள் வாழ்ந்தனர். எனினும் நெசவுத் தொழில் மட்டும் இவர்களிடையே இல்லை. துணி கீழ்நாட்டிலிருந்தே மலையேறி வந்தது. அவ்வாறு வந்த வெள்ளைத் துணியில் தோதவப் பெண்கள் சிவப்பும் கறுப்புமான நூலால், இழைகளை எண்ணி எண்ணிப் பூவேலை செய்தனர். அவ்வேலைப்பாடு 2013இல் புவிசார் குறியீடு பெற்றது.

பாதையும் சந்தையும்

1819இல் கோயமுத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் இம்மலைக்கு வந்தார். கோத்தகிரியை அடுத்த கன்னேரிமுக்கில் அவர் கட்டிய இல்லம் இன்றும் இருக்கின்றது. 1820களின் தொடக்கத்தில் சிறுமுகையிலிருந்து இப்பகுதிக்கு ஒரு பாதை வெட்டப்பட்டது. நெசவுக்குப் பெயர்பெற்ற அதே சிறுமுகைதான் அன்று நீலகிரிக்கு வாயிலாயிற்று. பின்னர் சல்லிவனின் கவனம் உதகைக்குச் சென்றது. மலை ரயிலும் 1899இல் குன்னூரையும் 1908இல் உதகையையும் அடைந்ததே தவிர, கோத்தகிரிக்கு வரவில்லை. ஊர் சிறியதாகவே நின்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

சாலை வழியே கடைச் சரக்கு வந்தது. கோத்தர் செய்த அரிவாளுக்கும் பானைக்கும் பதில் சந்தையில் வாங்கியவை புழங்கின. பண்டமாற்று மெல்ல மறைந்தது. குடும்பங்கள் தனித்தனியே சந்தையின் முன் நின்றன.

தேயிலை

கோத்தகிரிப் பகுதியில் 1863ஆம் ஆண்டளவில் காக்பர்ன் குடும்பத்துப் பெண்மணி ஒருவர் தேயிலைத் தோட்டம் தொடங்கினார். தோட்ட முதலாளிகளின் பயிராயிருந்த தேயிலை, பிற்காலத்தில், ராகியும் சாமையும் உருளைக்கிழங்கும் விளைவித்த படகர்களின் சிறு நிலங்களிலும் பரவிற்று.

ஆனால் தேயிலையில் ஒரு சங்கடம் உண்டு. நெசவாளி தறியிலிருந்து இறக்கிய துணியைச் சில நாட்களேனும் வைத்திருந்து விலை பேசலாம். பறித்த கொழுந்தோ காத்திருக்காது. தாமதமின்றித் தொழிற்சாலைக்குச் சென்று வாட்டப்பட வேண்டும். ஒரு கிலோ தூளுக்கு நான்கு கிலோவுக்கு மேல் பச்சை இலை தேவை. எனவே தொழிற்சாலை யாருடையதோ, விலை சொல்லும் உரிமையும் அவருடையதே. இடையில் ஏஜெண்டும் நின்றால் விவசாயியின் கைக்கு வருவது இன்னும் குறையும்.

இதற்குப் பரிகாரமாகவே 1962இல் குந்தாவில் முதல் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலை ஏற்பட்டது. 1965இல் இவற்றின் தலைமைச் சங்கமாக இண்ட்கோசர்வ் அமைந்தது. கோத்தகிரி வட்டாரத்திலும் கட்டபெட்டு, கைகாட்டி முதலிய இடங்களில் இத்தகைய தொழிற்சாலைகள் தோன்றின.

சோதனைகளும் வந்தன. நீலகிரித் தேயிலையைப் பெருமளவில் வாங்கிவந்த சோவியத் நாடு 1991இல் கலைந்தது. 1990களின் இறுதியில் இலை விலை கடுமையாகச் சரிந்தது. உலகச் சந்தை வீழ்ந்தால் சங்கமும் தள்ளாடும் என்பதை மறைப்பதில் பயனில்லை. ஆனால் இரு விஷயங்கள் நம் கையில் உள்ளன. ஒன்று, இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகப் பறித்தல். முற்றிய இலை சேர்ந்தால் எல்லாருடைய தூளும் தரம் குறையும். மற்றொன்று, வெளியில் சில காசுகள் கூடுதலாகக் கிடைக்கும் நாளிலும் சங்கத்திற்கே இலை வழங்குதல். நல்ல விலைக் காலத்தில் வெளியே சென்று, விலை விழுந்தபின் சங்கத்தை நாடினால் எந்தத் தொழிற்சாலையும் நிலைக்காது. நூல் வாங்கவும் துணி விற்கவும் சங்கம் அமைத்துள்ள நெசவாளருக்கும் இது பொருந்தும்.

பழைய பண்டமாற்றில் அவரவர் பங்கைப் பிறப்பே நிர்ணயித்தது. கூட்டுறவில் நாமே விரும்பிச் சேர்கின்றோம். பெரிய நிலமாயினும் சிறிய நிலமாயினும் அங்கத்தினருக்கு ஒரே வாக்கு. அந்த வாக்கைப் பொதுக்குழுவில் பயன்படுத்துவதும், கணக்கைக் கேட்டறிவதும், இலையை ஒழுங்காக வழங்குவதும் அங்கத்தினரின் கடமைகளாகும்.