சிறு சக்கரமும் பெருஞ்சுமையும்

“அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது” என்பது நம் முன்னோர் மொழி. வைகாசித் திங்களில் வில்லியனூர் திருக்காமீசுவரர் கோயில் தேரோட்டத்தைக் கண்டவர்களுக்கு இதன் பொருளை விளக்க வேண்டுவதில்லை. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் ஆளுநரே வடம் பிடித்த தேர் அது. இன்றும் துணைநிலை ஆளுநர் வடம் பிடிக்கும் மரபு தொடர்கிறது. தேர் ஓடுமுன் அதன் சக்கரங்களைச் சரிபார்க்கத் தவறுவதில்லை. ஆனால் நம் வீட்டுக்குள் நாள்தோறும் உருளும் சிறு சக்கரங்களை நாம் கவனிக்கிறோமா?

எரிவாயு சிலிண்டர் வைக்கும் தள்ளுதட்டு, குளிர்சாதனப் பெட்டியின் ஸ்டாண்டு, கணினி நாற்காலி, முதியோரின் சக்கர நாற்காலி ஆகியவற்றின் அடியில் இருக்கும் இச்சக்கரத்தைக் கடைக்காரர் ‘வீல்’ என்பார். தொழில்நுட்பம் கற்றவர் ‘காஸ்டர்’ என்பார். இதைத் தூய்மையாக வைத்திருப்பது எவ்வாறு என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அமைப்பு

தேர்ச் சக்கரம் முன்னும் பின்னும் மட்டுமே உருளும். ஆகவே வீதி முனையில் முட்டுக்கட்டை கொடுத்துத் தேரைத் திருப்புகிறார்கள். காஸ்டருக்கு அந்தத் தேவை இல்லை. அதற்கு இரண்டு இயக்கங்கள் உண்டு. ஒன்று, அச்சின் மேல் உருளுதல். மற்றொன்று, மேலே உள்ள தண்டைச் சுற்றித் திரும்புதல். சக்கரத்தின் அச்சு, தண்டுக்கு நேர் கீழே இராமல் சற்று விலகி இருக்கும். நாம் எத்திசையில் தள்ளினாலும் சக்கரம் தண்டுக்குப் பின்னால் இழுபட்டு, அத்திசைக்குத் தானே திரும்பிவிடுகிறது. மரச்சாமான்களுக்கான இத்தகைய காஸ்டர் ஒன்றுக்கு 1876ஆம் ஆண்டில் அமெரிக்காவில் டேவிட் ஃபிஷர் என்பவர் காப்புரிமை பெற்றார்.

கெடுவது ஏன்?

முதற் பகை தலைமுடியும் நூலும். பெருக்கும்போது தப்பிய முடி அச்சில் சுற்றிக்கொண்டு, நாளடைவில் கயிறு போல் இறுகிவிடும். இரண்டாவது, வாசலிலிருந்து காலோடு வரும் மணல். மூன்றாவது ஈரம், தரை கழுவும் நீர் தங்கினால் இரும்புப் பகுதி துருப்பிடிக்கும்.

உருளாத சக்கரம் தரையில் இழுபடும். டைல்ஸிலும் மொசைக்கிலும் கீறல் விழும். அதனினும் பெரிய தீங்கும் உண்டு. 14.2 கிலோ எரிவாயு நிரம்பிய சிலிண்டர், இரும்பின் எடையும் சேர்ந்து ஏறத்தாழ 30 கிலோ இருக்கும். ஒரு சக்கரம் இறுகிய தட்டில் அதைத் தள்ளினால் சிலிண்டர் சாயக்கூடும். சக்கர நாற்காலியின் முன் சக்கரம் திடீரென நின்றால், அமர்ந்திருக்கும் முதியவர் முன்புறம் விழ நேரிடும். ஆகவே இது வெறும் அழகுக்கான வேலை அன்று.

தூய்மை செய்யும் முறை

முதலில் சுமையை இறக்கிவிட வேண்டும். சிலிண்டரானால் ரெகுலேட்டரை மூடிக் கழற்றியபின் இறக்குக. குளிர்சாதனப் பெட்டியானால் மின் இணைப்பைத் துண்டித்து, இருவர் துணையோடு நிமிர்ந்த நிலையிலேயே ஸ்டாண்டிலிருந்து இறக்குக. பின்னர் தட்டையோ நாற்காலியையோ மடித்த சாக்கின் மேல் கவிழ்த்து வைக்கலாம்.

சுற்றிய முடியைப் பிளேடால் ஓரிடத்தில் அறுத்து, ஊக்கால் நெம்பி எடுக்க வேண்டும். பிளேடு கையை நோக்கி வராமல் பார்த்துக்கொள்க. பழைய பல் துலக்கியைச் சோப்பு நீரில் நனைத்து மணலைத் தேய்த்து எடுத்து, ஈரத்தைத் துணியால் ஒற்றி, நிழலில் நன்கு உலர்த்துக.

உலர்ந்த பின்னரே எண்ணெய். தையல் இயந்திர எண்ணெய் அச்சில் இரண்டு சொட்டு, தண்டின் மூட்டில் இரண்டு சொட்டு போதும். மிகுந்ததைத் துடைத்துவிட வேண்டும். இல்லையேல் அதுவே தூசியைப் பிடித்துச் சேறாக்கும். தேங்காய் எண்ணெய் இதற்கு ஆகாது. மார்கழிக் குளிரில் உறைந்துவிடும். ரப்பர் சக்கரத்தில் மண்ணெண்ணெய் படக்கூடாது. ரப்பர் உப்பி மெலிந்து போகும்.

இறுதியாகச் சக்கரத்தை விரலால் சுண்டிப் பார்க்க வேண்டும். தடையின்றிப் பல சுற்று சுழன்றால் நன்று. ஆட்டம் கண்டாலோ, விளிம்பு தேய்ந்து தட்டையானாலோ மாற்றிவிடுவதே முறை. ஒன்றை மட்டும் மாற்றினால் உயரம் வேறுபடக்கூடும். நான்கையும் ஒரே அளவில் மாற்றுவது நல்லது. டைல்ஸ் தரைக்கு மென்மையான ரப்பர் அல்லது பாலியூரித்தேன் சக்கரம் ஏற்றது. கடின நைலான் கீறல் போடும்.

வெள்ளத்திற்குப் பின்

2024ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அதையடுத்துச் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீரால் தென்பெண்ணை பெருக்கெடுக்க, பாகூர் வட்டாரத்தில் வெள்ளம் புகுந்தது. இத்தகைய வெள்ளத்தில் மேசையும் நாற்காலியும் தப்பினாலும், சக்கரங்களுக்குள் வண்டல் புகுந்துவிடும். அது காய்ந்து கல்லாகுமுன் நல்ல நீரை ஊற்றிக் கழுவிவிட வேண்டும். காய்ந்தபின் வலிந்து உருட்டினால் உள்ளிருக்கும் குண்டுகள் தேய்ந்துவிடும். கழுவி, உலர்த்தி, எண்ணெய் இட்டால் பெரும்பாலும் அதே சக்கரம் மீண்டும் உழைக்கும்.

மூன்று திங்களுக்கு ஒருமுறை இப்பணியைச் செய்யலாம். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னும் பின்னும் தவறாமல் செய்ய வேண்டும். சக்கர நாற்காலிக்கு மாதம் ஒருமுறை தேவை. செலவு என்று பார்த்தால் ஒரு சிறு புட்டி எண்ணெய். நேரம் என்று பார்த்தால் ஒரு விடுமுறை நாளின் கால் மணி. வீட்டில் பெரும்பாலும் தாயோ பாட்டியோதான் சிலிண்டரைத் தள்ளுகிறார்கள். அவர்களுடைய இடுப்பு வலியைக் குறைக்கக் கல்லூரியில் படிக்கும் நாம் இந்தக் கால் மணியைத் தரலாமன்றோ?