கியர் பெட்டியின் கூடும் ஒரு கோடி பவுண்டும்

1990ஆம் ஆண்டு லண்டன் உயர் நீதிமன்றத்தில் ஒரு காரின் அடையாளம் குறித்து வழக்கு நடந்தது. காரின் பெயர் ‘ஓல்டு நம்பர் ஒன்’. பென்ட்லியின் ‘ஸ்பீடு சிக்ஸ்’ ரகம். பிரான்சின் லெ மான் நகரில் 24 மணி நேரம் நடக்கும் பந்தயத்தில் 1929, 1930 என இரண்டு ஆண்டுகள் அடுத்தடுத்து முதலிடம் பிடித்த கார் அது. அதை ஒரு கோடி பவுண்டுக்கு வாங்குவதாக ஒப்புக்கொண்ட நிறுவனம் பின்வாங்கியது. லெ மானில் ஓடிய கார் இதுவல்ல என்பது அந்தத் தரப்பின் வாதம். உரிமையாளர் வழக்குத் தொடுத்தார்.

அந்த வாதத்தை வெறும் சாக்கு என்று ஒதுக்க முடியவில்லை. நீதிபதி ஆட்டன் காரின் உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க வேண்டியிருந்தது. 1929இல் ஓடியபோது இருந்தது என்று உறுதியாகச் சொல்லும்படி ஏறக்குறைய எதுவும் மிஞ்சவில்லை. 1930ஆம் ஆண்டுக் காரிலிருந்து எஞ்சியவை மூன்றே மூன்று: பெடல்களைத் தாங்கும் தண்டு, கியர் பெட்டியின் கூடு, ஸ்டீயரிங் தண்டு. வெற்றி தேடித்தந்த ஆறரை லிட்டர் எஞ்சினைக் கழற்றிவிட்டு எட்டு லிட்டர் எஞ்சினை ஏற்றியிருந்தார்கள். அடிச்சட்டமும் மாறியிருந்தது. 1932இல் இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ் பந்தயத் தளத்தில், சரிவான வளைவின் விளிம்பைத் தாண்டிப் பாய்ந்து இந்தக் கார் நொறுங்கியது. ஓட்டிய கிளைவ் டன்ஃபீ இறந்துபோனார். பிறகு வேறு உடல் கட்டி மீண்டும் சாலைக்குக் கொண்டுவந்தார்கள்.

தீர்ப்பு உரிமையாளருக்குச் சாதகமாக வந்தது. இது அசல் ‘ஓல்டு நம்பர் ஒன்’தான் என்றார் நீதிபதி. இந்தக் கார் ஒருநாளும் காணாமல் போகவில்லை. கிடைத்த துண்டுகளைக் கோத்து யாரும் இதற்குப் புதிதாக உயிர் கொடுக்கவும் இல்லை. பந்தயக் காரின் வாழ்க்கைப் போக்கில் ஒன்று மாறி இன்னொன்று வந்திருக்கிறது, இடையில் தொடர்ச்சி அறுபடவில்லை. இதுதான் அவர் சொன்ன காரணம்.

சட்டத்துக்கு அது போதும். ஆனால் ஒரு பொறியாளர் அந்தக் காரை ஆராய்ந்து 1929இன் எஞ்சின் தொழில்நுட்பத்தைத் தெரிந்துகொள்ள முடியாது. பெயரும் புகழும் தொடர்ந்து வந்திருக்கின்றன, உலோகம் வரவில்லை. பழைய காரில் எது உண்மையிலேயே ‘வின்டேஜ்’, எது வெறும் பழசு என்ற கேள்விக்கு நான் உலோகத்தின் பக்கம் நின்று பதில் தேடுகிறேன்.

வயதைச் சொல்லி வகைப்படுத்துவது எளிது. பிரிட்டிஷ் ஆர்வலர்களின் கணக்கில் 1904 முடியச் செய்தவை ‘வெட்டரன்’, 1919 முதல் 1930 வரை ‘வின்டேஜ்’. பழைய வாகனங்களுக்கான சர்வதேசக் கூட்டமைப்பான ஃபிவா, குறைந்தது 30 வயது என்கிறது. இந்திய அரசு 2021இல் கொண்டுவந்த விதியில் 50 ஆண்டு. ஆனால் ஃபிவாவும் சரி, நம் விதியும் சரி, வயதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. வாகனம் தன் காலத்து நிலையில் இருக்க வேண்டும் என்றும் கேட்கின்றன. அந்த இரண்டாவது நிபந்தனையில்தான் அறிவியல் தொடங்குகிறது.

கழற்றி எறிந்த அந்த ஆறரை லிட்டர் எஞ்சினையே எடுத்துக்கொள்வோம். சிலிண்டரின் குறுக்களவு 100 மில்லிமீட்டர். பிஸ்டன் மேலிருந்து கீழே போகும் தூரம், அதாவது ஸ்ட்ரோக், 140 மில்லிமீட்டர். இன்றைய கார்களோடு ஒப்பிட்டால் ஒல்லியான, உயரமான சிலிண்டர்கள். அன்றைய பிரிட்டிஷ் எஞ்சின்கள் பெரும்பாலும் இந்த உடல்வாகோடு வளர்ந்ததற்கு ஒரு முக்கியக் காரணம் வரி. 1921 முதல் அங்கே ஒரு குதிரைத்திறனுக்கு ஒரு பவுண்டு வீதம் ஆண்டு வரி. அந்தக் குதிரைத்திறனை யாரும் எஞ்சினை ஓட்டி அளக்கவில்லை. சிலிண்டரின் குறுக்களவை அங்குலத்தில் எடுத்து, அதன் வர்க்கத்தைச் சிலிண்டர்களின் எண்ணிக்கையால் பெருக்கி, 2.5ஆல் வகுத்துவிடுவார்கள். ஸ்ட்ரோக்குக்கு இந்தச் சூத்திரத்தில் இடமே இல்லை. ஆகவே அகலத்தைக் குறைத்து நீளத்தைக் கூட்டினால் வரி ஏறாமல் சக்தி ஏறும். ஸ்பீடு சிக்ஸின் வரிக் குதிரைத்திறன் 37.2 மட்டுமே, எஞ்சின் உண்மையில் தந்ததோ சுமார் 180.

நீளமான ஸ்ட்ரோக்குக்கு ஒரு விலை உண்டு. நிமிடத்துக்கு 3,500 சுற்று ஓடினால் 140 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக்கில் பிஸ்டனின் சராசரி வேகம் விநாடிக்கு 16 மீட்டரைத் தாண்டிவிடுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை அது அசையாமல் நின்று, திசை மாறி, மறுபடி அந்த வேகத்தை எட்ட வேண்டும். சுற்றைக் கூட்டக் கூட்ட கனெக்டிங் ராடின் மீது விழும் இழுவிசை அதன் வர்க்கத்தில் ஏறும். எனவே இந்த எஞ்சின்கள் குறைந்த சுற்றிலேயே பாரம் இழுக்கும்படி அமைந்தன. பழைய பென்ட்லி நிதானமாகத் தடதடப்பதன் பின்னால் ஒரு நாட்டின் வரிச்சட்டம் இருக்கிறது.

அதை வடிவமைத்த டபிள்யூ. ஓ. பென்ட்லி, ரயில் எஞ்சின் பட்டறையில் தொழில் பழகியவர். நீராவி ரயிலின் சக்கரங்களை இணைக்கும் கம்பிகளை நினைவூட்டும் வகையில், இந்த எஞ்சினின் மேலே சுழலும் கேம் தண்டை மூன்று கம்பிகளால் இயக்கினார். சிலிண்டர் தலையையும் பிளாக்கையும் ஒரே வார்ப்பாக வார்த்தார். அன்றைய கேஸ்கெட்டுகள் அழுத்தம் தாங்காமல் ஊதிவிடும் தொல்லை அதனால் இல்லாமல் போனது. ஆனால் ஒரு வால்வைத் தேய்க்க வேண்டுமானாலும் முழு பிளாக்கையும் தூக்கியாக வேண்டும்.

அந்தக் காலத்து எஞ்சின்களின் பேரிங்குகளில் இன்னொரு ஞானம் இருக்கிறது. இப்போது கடையில் கிடைக்கும் மெல்லிய ஓடுகளைப் போல அவை வரவில்லை. வெள்ளீயத்தோடு ஆன்டிமனியும் செம்பும் சேர்த்து உருக்கி, இருந்த இடத்திலேயே ஊற்றுவார்கள். பட்டறைகளில் இதை ஒயிட் மெட்டல் என்பார்கள். 1839இல் ஐசக் பாபிட் கண்டுபிடித்தது. மெத்தென்ற வெள்ளீயத்துக்குள் கடினமான நுண்படிகங்கள் பொதிந்திருக்கும். படிகங்கள் பாரத்தைத் தாங்கும். எண்ணெயோடு மணல் துகள் வந்துவிட்டால் வெள்ளீயம் அதைத் தனக்குள் அமுக்கிக்கொண்டு, விலைமதிப்புள்ள கிராங்க் தண்டைக் காப்பாற்றும். ஊற்றிய பிறகு தண்டில் நீலச் சாயம் பூசிச் சுழற்றி, எங்கே ஒட்டுகிறதோ அங்கே மட்டும் கையால் சுரண்ட வேண்டும். சுரண்டிய கோடுகளைப் பார்த்தாலே இது கையால் செய்த வேலை என்று தெரிந்துவிடும். அதை அகற்றிவிட்டு நவீன பேரிங் போட்டால் எஞ்சின் இன்னும் நன்றாகக்கூட ஓடலாம். ஆனால் அந்தக் கை சொன்ன செய்தி திரும்பி வராது.

இதற்கு நேர் எதிர்க் கோடியில் ஒரு புகாட்டி இருக்கிறது. 1925ஆம் ஆண்டின் ‘பிரெஷியா’ ரகம். சுவிட்சர்லாந்தின் சுங்க வரியைக் கட்டாமல் கைவிடப்பட்ட அந்தக் காரை, 1936இல் அதிகாரிகள் மஜோரே ஏரிக்குள் சங்கிலியில் கட்டி இறக்கினார்கள். சங்கிலி துருப்பிடித்து அறுந்தது. கார் ஐம்பது மீட்டருக்கும் கீழே தரையில் போய் அமர்ந்தது. 2009இல் ஊர்மக்கள் திரளாகக் கூடி நிற்க, அதை வெளியே எடுத்தார்கள். இரும்பு துருப்பிடிக்க நீர் மட்டும் போதாது, ஆக்சிஜனும் வேண்டும். அதனால் சேற்றுக்குள் புதைந்து கிடந்த பக்கம், நீரோட்டம் பட்ட பக்கத்தைவிட நல்ல நிலையில் இருந்தது. மறுபடி ஓட்டும் நிலையில் கார் இல்லை. இருந்தும் 2010இல் ஏலத்தில் சுமார் 2,60,000 யூரோவுக்குப் போனது. வாங்கிய கலிபோர்னியா அருங்காட்சியகம் ஒரு போல்ட்டைக்கூடப் புதுப்பிக்காமல் அப்படியே காட்சிக்கு வைத்தது. அந்த முடிவை நான் மனமார வரவேற்கிறேன். அதைப் புதுப்பித்திருந்தால் உலகில் இன்னொரு பளபளக்கும் புகாட்டி கூடியிருக்கும், எழுபது ஆண்டு ஏரியடியில் இரும்பும் அலுமினியமும் என்ன ஆயின என்பதற்கான ஒரே சாட்சி அழிந்திருக்கும்.

விலை கோடிகளில் ஏறியதும் போலிகளும் பெருகின. நல்லவேளை, பொருள் எளிதில் பொய் சொல்லாது. சேஸ் நம்பரை அரத்தால் ராவிவிட்டு வேறு எண் அடிப்பது பழைய தந்திரம். எஃகு என்பது நுண்ணிய படிகங்களின் அடுக்கு. சுத்தியலால் எண்ணை அடிக்கும்போது, கண்ணுக்குத் தெரியும் பள்ளத்துக்கும் கீழே படிகங்கள் நசுங்கிச் சிதைகின்றன. பள்ளத்தை மட்டும் ராவி எடுத்தாலும் சிதைந்த படிகங்கள் அங்கேயே இருக்கும். குப்ரிக் குளோரைடும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த கரைசலைத் தடவினால், நசுங்கிய பகுதியும் நசுங்காத பகுதியும் வேறு வேறு வேகத்தில் அரிக்கப்பட்டு, அழித்த எண் மெல்ல மேலெழுந்து வரும். திருட்டு வண்டிகளையும் துப்பாக்கிகளையும் துப்புத்துலக்கத் தடயவியலார் வெகுகாலமாகக் கையாளும் முறை இது.

பெயின்டும் பேசும். வெள்ளை நிறத்துக்கான டைட்டானியம் டைஆக்சைடில் ‘ரூட்டைல்’ என்ற படிக வடிவம், இரண்டாம் உலகப்போரை ஒட்டிய ஆண்டுகளில்தான் பெயின்டுத் தொழிலில் பரவியது. 1925இன் அசல் பெயின்ட் என்று காட்டும் பூச்சின் அடி அடுக்கில் லேசர் ஒளியைச் செலுத்தி ஆராயும்போது ரூட்டைல் தென்பட்டால், மேற்கொண்டு கேள்வி வேண்டியதில்லை. உடலைத் தாங்கும் மரச்சட்டத்துக்கு வேறொரு சோதனை. 1950களிலும் 1960களின் தொடக்கத்திலும் திறந்தவெளியில் வெடித்த அணுகுண்டுகள், காற்றில் கார்பன்-14இன் அளவை ஏறக்குறைய இரட்டிப்பாக்கின. அதற்குப் பின் வளர்ந்த ஒவ்வொரு மரத்திலும், மாட்டுத்தோலிலும், பருத்தியிலும் அந்த அடையாளம் உண்டு. 1920களின் காரில் அது இருந்தால், அந்தப் பலகை பிற்காலத்தில் வந்தது.

இந்த எல்லாச் சோதனைகளுக்கும் தேவையானது ஒன்றுதான்: பழைய பொருள் அங்கே இருக்க வேண்டும். பழைய காரை எடுத்ததும் உடலை மொட்டையாகச் சுரண்டி, பட்டி பார்த்து, கண்ணாடி போல் பெயின்ட் அடித்துக் கொண்டுவந்தவர்களுக்கே பல்லாண்டுகள் பரிசுகள் போயின. தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த அன்றுகூட அந்தக் கார்கள் அவ்வளவு பளபளத்ததில்லை. இந்தப் போக்கு திரும்பத் தொடங்கியிருக்கிறது. கலிபோர்னியாவின் பெபிள் பீச்சில் 1950 முதல் நடந்துவரும் புகழ்பெற்ற கார் அழகுப் போட்டியில், 2024இல்தான் முதல்முறையாகப் புதுப்பிக்காத ஒரு கார் தலைசிறந்த பரிசைப் பெற்றது. 1934ஆம் ஆண்டின் புகாட்டி டைப் 59 அது. பெல்ஜிய மன்னர் மூன்றாம் லியோபோல்டிடம் இருந்த கார். பெயின்ட் தேய்ந்திருந்தது, கீறல்கள் அப்படியே இருந்தன, எஞ்சின் ஓடியது. பென்ட்லியில் தொலைந்த பொருளும் ஏரிப் புகாட்டியில் தொலைந்த உயிரும் இதில் ஒன்றாக இருக்கின்றன. கிளாசிக் என்ற சொல்லை முழு மனதோடு நான் கொடுப்பது இப்படிப்பட்ட வண்டிக்குத்தான்.

நம் ஊரில் இது பணக்காரர் விவகாரமாக நின்றுவிடவில்லை. சென்னையில் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டும், முதல் தலைமுறை அம்பாசிடரும், திருவொற்றியூரில் தயாரான பழைய புல்லட் மோட்டார் சைக்கிள்களும் 50 வயதைத் தாண்டிவிட்டன. 2021 விதிப்படி பதிவெண்ணில் ‘விஏ’ என்ற எழுத்துகளோடு அவற்றைத் தனியாகப் பதியலாம். சேஸ், உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. லண்டனில் வென்ற அந்த பென்ட்லி இங்கே தேறாது! பெட்ரோல் விலைக்கு அஞ்சி டீசல் எஞ்சின் ஏற்றிய நம்முடைய எத்தனையோ அம்பாசிடர்களும் தேறா. இந்த இரண்டாவது விஷயத்தில் எனக்கு வருத்தமே. குடும்பம் நடத்த டாக்சி ஓட்டியவர் செய்த மாற்றமும் இந்நாட்டு மோட்டார் வரலாற்றின் ஒரு பக்கம்தான். அதை அசல் என்று ஏற்க வேண்டாம், மாற்றம் என்று குறித்தாவது பதிவுசெய்யலாம்.

இன்னொரு ஆபத்து பெட்ரோல் பங்கிலிருந்து வருகிறது. இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அது காற்றின் ஈரத்தை இழுத்து டேங்கின் உட்புறத்தை அரிக்கும், பழைய ரப்பரை ஊதிப் பருக்கச் செய்யும். பெட்ரோல் பம்பின் டயாபிரம்தான் முதலில் மாட்டும். மிகப் பழைய கார்புரேட்டர்கள் சிலவற்றில் மிதவை தக்கையால் ஆனது. பெட்ரோல் ஊறாமலிருக்க அதன்மேல் அரக்கு பூசியிருப்பார்கள். அரக்கு பெட்ரோலில் கரையாது, ஆல்கஹாலில் கரையும். பூச்சு போனதும் தக்கை பெட்ரோலைக் குடித்து மூழ்கும், கார்புரேட்டர் வழியும்.

எனவே சில உறுப்புகளை மாற்றாமல் ஓட்டவே முடியாது. எதை மாற்றினோம் என்ற தடயத்தை விட்டுவைக்கலாம். ஃபிவாவின் டுரின் சாசனம், புதிதாகச் சேர்த்த உறுப்பில் துருத்தாத, ஆனால் அழியாத அடையாளம் இட வேண்டும் என்கிறது. டயாபிரத்தை மாற்றுகிறவர் புதியதில் ஆண்டைக் குறித்து, பழையதைத் தேதியெழுதிய உறையில் போட்டு ஆர்.சி. புத்தகத்தோடு வைத்துக்கொண்டால் போதும். டிங்கர் வேலைக்கு விடுமுன் எங்காவது மறைவான இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பழைய பெயின்டைத் தொடாமல் விடச் சொல்லலாம். வின்டேஜ் பதிவுக்காக வண்டியைப் பார்வையிடும் மாநிலக் குழுக்கள் இந்தக் குறிப்புகளையும் உறைகளையும் கேட்டு வாங்கிப் பார்க்கத் தொடங்கினால், மெக்கானிக் பட்டறைகளில் பழைய உறுப்புகள் இரும்புக் கடைக்குப் போவது பாதியாவது குறையும்.