காவலர் பிழையும் மரண விசாரணையும்

குடிகளைக் காத்தற்கென்றே காவலர் கையிற் படைக்கலம் கொடுக்கப்படுகின்றது. அப்படைக்கலம் குற்றமற்றார் ஒருவரை மாய்க்குமாயின், அதற்கு விடையளிக்கும் கடன் யாரைச் சார்ந்தது? இங்கிலாந்தில் நிகழ்ந்த ஒரு வழக்கைக் கொண்டு இதனைச் சிறிது ஆராய்வாம்.

2005-ம் ஆண்டு ஜூலை 7-ந் தேதி லண்டன் மாநகரில் வெடிகுண்டுகளால் 52 பேர் மாண்டனர். 21-ந் தேதி மீண்டும் அத்தகைய முயற்சி நிகழ்ந்து பயனற்றொழிந்தது. அக்குற்றவாளிகளைத் தேடிய காவலர், மறுநாட் காலையில், பிரேசில் நாட்டினரும் மின்சாரத் தொழிலாளருமாகிய ழான் சார்லஸ் டி மெனேசஸ் என்னும் 27 வயதினரைத் தேடப்பட்டாருள் ஒருவரென மயங்கி, ஸ்டாக்வெல் சுரங்க ரயில் நிலையத்து நின்ற வண்டியினுள்ளே, தலையில் 7 முறை சுட்டுக் கொன்றனர். தேடப்பட்டவனுடையதெனக் கருதிய முகவரியிருந்த கட்டிடத்தினின்றும் அவர் அன்று காலை வெளிப்போந்ததே இம்மயக்கத்திற்கு வித்தாயிற்று.

அவருடைய உடையும் நடத்தையும் ஐயத்தை மிகுவித்தன என்று காவல் துறையார் முதலில் அறிவித்தனர். வாயில் தடையைத் தாண்டிக் குதித்து ஓடினார் என்னும் செய்தியும் எங்கும் பரவிற்று. உண்மையில் அவர் தம் பயண அட்டையைப் பயன்படுத்தியே அமைதியாக உட்புகுந்தார். இங்ஙனம் உயிரோடு நற்பெயரும் பறிபோயிற்று. போன உயிரை மீட்டல் யார்க்கும் இயலாது. பெயரை மீட்டற்கோ நேரிய விசாரணை வேண்டும்.

சுட்ட காவலர்மீது தனித்தனியே வழக்குத் தொடுத்தற்குப் போதிய சான்றில்லையென அரசு வழக்குத் துறையார் 2006-ல் முடிவு செய்தனர். ஆயினும் 2007-ல், பொதுமக்கள் பாதுகாப்பிற் பிழைத்ததற்காக, 1974-ம் ஆண்டின் தொழிற் பாதுகாப்புச் சட்டத்தின்படி லண்டன் காவல் துறைக்கு 1,75,000 பவுன் அபராதம் விதிக்கப்பட்டது.

மரண விசாரணை 2008-ல் நடைபெற்றது. ஆங்கில நாட்டுக் கொரோனர் என்னும் அதிகாரி, இறந்தவர் யார், எங்கே, எப்பொழுது, எவ்வாறு இறந்தார் என்பவற்றை ஆராய்வர். இன்னார் குற்றவாளியெனத் தீர்த்தலும் தண்டித்தலும் அம்மன்றத்திற்கு உரியன அல்ல. அற்றேல் அதன் பயன் யாதெனின், சுட்டவரும் ஏவியவரும் சத்தியப் பிரமாணம் செய்து, குடிமக்களாகிய ஜூரிமார் முன் விடையிறுக்க நேர்தலே என்க.

சட்டத்திற்கு மாறான கொலையென்று முடிவு கூறுதலைக் கொரோனர் விலக்கிவிட்டார். ஜூரிமாரோ, சட்டத்திற்கு இயைந்த கொலையென்று கூறவும் உடன்படாது, துணிபின்றி விடும் முடிவையே பெரும்பான்மையாற் கூறினர். ‘ஆயுதந் தாங்கிய போலீஸ்’ என்று தாம் கூவி எச்சரித்ததாகச் சுட்டவர் கூறியதை அவர்கள் ஏற்றிலர். மெனேசஸ் இருக்கையினின்றும் எழுந்தாரேனும், காவலரை நோக்கி முன்னேறவில்லை எனவும் அவர்கள் விடை தந்தனர். அவருடைய பெயர்மேற் படிந்த மாசு அன்றே துடைக்கப்பட்டது.

தனியொருவரையும் தண்டியாமை பற்றி உறவினர் தொடுத்த முறையீட்டை, ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2016-ல் 13 நீதிபதிகளுக்கு 4 நீதிபதிகள் மாறுபடத் தள்ளியது.

கணப்பொழுதில், பேரச்சத்தினிடையே, மெய்யென நம்பிச் செய்த பிழைக்குத் தண்டனை எத்துணை என்பதில் அறிஞர் மாறுபடலாம். உண்மையை மறைத்தல் தகாது என்பதிலோ மாறுபாட்டிற்கு இடமில்லை. அன்று தனியுரிமை பெற்ற விசாரணைக் குழுவினர் முதற்கண் விலக்கி நிறுத்தப்பட்டமை, அவ்வுண்மை வெளிப்படுதற்குத் தடையாயிற்று. பிழைத்த துறையே தன் பிழையை அளத்தல் கூடாது. பிறர் உடனே ஆராய்தல் வேண்டும். அதிகாரம் எத்துணைப் பெரிதோ, விடையளிக்கும் கடனும் அத்துணைப் பெரிதாதல் முறையென்பதே நம் கருத்து.