குறி சுட்ட மாடும் இலக்கமிட்ட மாடும்

பரந்தனிலிருந்து புதுக்குடியிருப்பு வழியாக முல்லைத்தீவு போகும் ஏ-35 வீதியை மாலையில் ஒரு பட்டி கடக்கும்போது இரண்டு காலங்கள் சேர்ந்தே கடக்கின்றன. வயது போன பசுக்களின் தொடையிலும் விலாவிலும் இரும்பால் சுட்ட எழுத்துகள் இருக்கின்றன. நாகுகளுக்கும் கன்றுகளுக்கும் காதில் பிளாஸ்டிக் தகடு தொங்குகிறது. அதில் இருப்பது இலக்கம். சுட்ட எழுத்து, யாருடைய மாடு என்று சொல்லும். தகடு எந்த மாடு என்று மட்டும் சொல்லும். யாருடையது என்பதைப் பதிவேட்டைப் பார்த்துத்தான் அறிய வேண்டும்.

அன்றைய வன்னியில் மாடு வளர்ப்பது தொழுவத்தில் கட்டித் தீனி போடுவதாக இருக்கவில்லை. காலபோகத்துக்கு உழவு தொடங்கியதும் மாடுகள் வயற்கரையை விட்டுக் காட்டோரம் போய்விடும். மாசி, பங்குனியில் அறுவடை முடிந்தபின் தாள் மேய வயலுக்கு இறங்கும். உடையார்கட்டு, விசுவமடு, வள்ளிபுனம், ஒட்டுசுட்டான் என்று ஊர் பலவானாலும் காடு ஒன்றுதான். பல பட்டிகள் அதில் கலந்து மேய்ந்தன. நிறைய மாடு வைத்திருந்தவர் எல்லாவற்றையும் நாள்தோறும் கண்ணால் காண்பதில்லை. சில மாடு மாதக்கணக்கில் பட்டிக்குத் திரும்பாது. அப்படி வாழ்ந்த மாட்டுக்குத் தோலில் எழுதுவதைத் தவிர வேறு அடையாளம் நிலைக்காது.

குறி சுடுவதற்கு மழை ஓய வேண்டும். ஈரக்காலத்தில் சுட்டால் புண்ணில் ஈ மொய்த்துப் புழு வைத்துவிடும். நாள் குறித்து, அயல் ஆட்களைக் கூப்பிட்டு, கன்றைக் கயிற்றால் வீழ்த்திக் கால்களைக் கட்டி, சிவக்கக் காய்ச்சிய இரும்பால் எழுத்தை இழுப்பார்கள். பெரும்பாலும் அது உரிமையாளரின் பெயரின் முதலெழுத்துகளாக இருக்கும். கை நடுங்கினால் எழுத்துக் கலையும். அழுத்தினால் புண் ஆழமாகும். அழுத்தாமல் விட்டால் மயிர் வளர்ந்து மூடிவிடும். ஆகவே எல்லோரும் சுடுவதில்லை. கைபழகியவர் ஒருவர் ஊரில் இருப்பார். அவருக்குச் சோறும் வெற்றிலையும் வைப்பது அந்த நாளின் முறை.

அந்த எழுத்தை வாசிக்கப் பள்ளிக்கூடம் போயிருக்க வேண்டியதில்லை. கையெழுத்துப் போடத் தெரியாத மாட்டுக்காரருக்கும் சுற்றுவட்டாரத்துக் குறிகள் பாடமாக இருந்தன. காட்டில் விறகு வெட்டப் போனவர், தேன் எடுக்கப் போனவர், வலை காயப்போட்டுவிட்டு நந்திக்கடல் ஓரம் நடந்தவர் என யார் கண்டாலும் இன்னாருடைய நாம்பன் இன்ன குளத்தடியில் நிற்கிறது என்று சேதி வந்துவிடும். ஐம்பது அடிக்கு அப்பால் நின்றே வாசிக்கக்கூடிய பதிவேடு அது. அதை வைத்திருந்தது ஊர் முழுவதும்.

சட்டமும் அந்தப் பழக்கத்தின் மீதே எழுந்தது. 1958ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க விலங்குகள் சட்டம் மாடுகளின் பதிவையும் குறியிடலையும் கைமாற்றத்தையும் ஓர் ஒழுங்குக்குள் கொண்டுவந்தது. மாட்டை விற்றாலோ இன்னொரு பிரிவுக்குக் கொண்டுபோனாலோ சீட்டு வேண்டும். சீட்டில் குறி எழுதப்பட்டிருக்க வேண்டும். முதலில் அந்த வேலை விதானையாரைச் சேர்ந்தது. 1963இல் விதானை முறை போய்க் கிராம சேவகர் வந்தார். உதவி அரசாங்க அதிபரின் கந்தோர் பின்னர் பிரதேச செயலகம் ஆனது. பதவிகளின் பெயர் மாறினாலும் அலுவலர் கேட்டது ஒன்றுதான்: மாட்டின் குறி என்ன?

குறியோடு வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஓர் உறவு இருந்தது. பிள்ளை பிறந்தால் ஒரு பசுக்கன்றை அதன் பேரில் ஒதுக்குவது வன்னியில் பல வீடுகளின் வழக்கம். அந்தக் கன்று ஈன்றது, அதன் கன்று ஈன்றது என்று பிள்ளை வளர வளர அதன் பங்கும் வளரும். பெண்பிள்ளையானால் கலியாணத்தின்போது அது சீதனத்தில் எண்ணப்படும். எது தன்னுடைய மாடு, அதன் தாய் எது, எத்தனை ஈற்றுக் கண்டது என்று பத்து வயதுப் பிள்ளை தடுமாறாமல் சொல்லும். பட்டிப் பொங்கலன்று அந்த மாட்டுக்கு மாலை கட்டுவது அந்தப் பிள்ளையின் உரிமை.

இந்த முறைக்கு வந்த பெரிய சோதனை 2009இன் போர். அந்த ஆண்டின் தொடக்கத்தில் வன்னிச் சனம் எல்லாம் புதுக்குடியிருப்பை நோக்கியும், பிறகு அங்கிருந்து மாத்தளன், முள்ளிவாய்க்கால் நோக்கியும் நகர்ந்தது. மாட்டைக் கூட்டிக்கொண்டு போக முடியாதவர்கள் பட்டியைத் திறந்து விட்டார்கள். கட்டியிருந்த கயிற்றை அறுத்து விட்டார்கள். செல்லடியில் செத்தவை போக எஞ்சியவை காட்டுக்குள் போயின. உரிமையாளர்கள் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமின் கூடாரங்களில் இருந்தார்கள். அந்த முகாம் 2012 செப்டெம்பரில்தான் மூடப்பட்டது. புதுக்குடியிருப்புப் பக்கத்தில் கண்ணிவெடி அகற்றி முடியும்வரை பலரால் ஊர் திரும்ப முடியவில்லை.

திரும்பியபோது வீட்டுக்குக் கூரை இல்லை, பெட்டியில் உறுதி இல்லை, சீட்டு இல்லை. காட்டோரம் நின்ற மாட்டின் தொடையில் மட்டும் எழுத்து இருந்தது. கடதாசி எல்லாம் தொலைந்த இடத்தில் தோலில் எழுதியது தொலையவில்லை. குறியைச் சொல்லி மாட்டைக் கேட்டவர்கள் உண்டு. குறியைப் பார்த்து மாட்டைக் கொடுத்தவர்களும் உண்டு. ஆனால் இடைப்பட்ட காலத்தில் காட்டிலே பிறந்தவற்றுக்குக் குறி இல்லை. தாயோடு நின்ற கன்று தாய்க்குரியவருக்குப் போயிற்று. பால் மறந்து தனியே திரிந்தது யாருக்குரியது என்று சொல்ல ஒருவரும் இல்லை. பிடித்தவர் கையில் இருந்தது பிடித்தவர் மாடாயிற்று.

இது வன்னிக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 1865இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்து டெக்சாஸ் ஆண்கள் வீடு திரும்பியபோது, சுடுவார் இல்லாமல் பெருகிய மாடுகள் வெட்டவெளி எங்கும் நின்றன. முதலில் யார் இரும்பை வைத்தாரோ அவருக்கே அவை உரியன என்று ஆனது. கால்நடைச் செல்வம் என்பது பாதி மாடு, பாதி அதன் உரிமைக்குச் சாட்சி என்பதை இரண்டு போர்களும் காட்டின.

இன்று சாட்சி காதுக்கு ஏறியிருக்கிறது. அரச கால்நடை வைத்திய அலுவலகத்திலிருந்து கால்நடை அபிவிருத்திப் போதனாசிரியர் வருகிறார். கால்வாய் நோய்க்கு ஊசி போடும்போதோ சினைப்படுத்தும்போதோ கவ்வி ஒன்றால் தகட்டைக் காதில் அடித்துவிடுகிறார். கன்று ஒருமுறை உதறும், அதோடு முடிந்தது. சூட்டுப் புண் இல்லை, புழு இல்லை, நாட்கணக்கில் மருந்து பூச வேண்டியதில்லை. முன்பு விலா முழுக்க இழுத்த எழுத்தால் மாட்டின் தோல் பதனிடுபவரிடம் விலைபோகாது; இப்போது அந்த நட்டமும் இல்லை.

குறியால் ஒருபோதும் சொல்ல முடியாதவற்றை இலக்கம் சொல்கிறது. எந்த ஊசி எப்போது போட்டது, எந்தக் காளையின் வித்து, எத்தனையாவது ஈற்று என்பவை அதன் கீழ் எழுதப்படுகின்றன. ஜேர்சி, சாகிவால் கலப்புகள் வந்தபின் இந்தக் கணக்கு இல்லாமல் இனவிருத்தி செய்ய முடியாது. தகப்பன் காளையே மகளுக்கும் வித்தாகிவிடும். கடனுக்கும் காப்புறுதிக்கும் இலக்கமே ஆதாரம். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயலை ஒட்டி அடித்த குளிர்காற்றில் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட கால்நடைகள் ஓரிரு இரவில் விறைத்துச் செத்தன. முல்லைத்தீவும் கிளிநொச்சியும் அதில் கடுமையாக அடிபட்டன. அப்படியொரு விடியற்காலையில் எத்தனை மாடு, யாருடைய மாடு என்று எண்ணப் பதிவுள்ள பட்டி ஒரு நிலையிலும் பதிவில்லாப் பட்டி இன்னொரு நிலையிலும் இருக்கும்.

வெளியுலகம் இதில் இன்னும் தூரம் போயிருக்கிறது. இந்தியாவில் மாட்டின் காதில் 12 இலக்கத் தகடு. மதுரைப் பக்கத்தில் ஊர்ப்பெயரும் திமிலும் கொம்பும் மட்டுமே அடையாளமாக இருந்த ஜல்லிக்கட்டுக் காளைக்கு இப்போது இணையத்தில் பதிவு, படம், கால்நடை மருத்துவரின் தகுதிச் சான்று, அதற்குப் பிறகே வாடிவாசலுக்கான டோக்கன். அமெரிக்காவில் 4-எச் கழகங்களைச் சேர்ந்த பள்ளிப் பிள்ளைகள் கன்று வளர்த்துச் சந்தைக் கண்காட்சிக்குக் கொண்டுபோகிறார்கள். கண்காட்சிக்குப் பல மாதங்களுக்கு முன்பே குறித்த தேதிக்குள் கன்றைப் பதிந்துவிட வேண்டும்: இலத்திரனியல் தகடு, சில இடங்களில் மூக்கு ரேகை, சில இடங்களில் மரபணுச் சோதனைக்கு வால்மயிர். மாட்டின் மூக்குத் தோலின் வரிகள் மனிதரின் கைரேகைபோல ஒன்றுக்கொன்று வேறுபடுபவை என்று மினசோட்டாவின் பீட்டர்சன் 1922லேயே எழுதியிருந்தார். பிள்ளை வளர்த்த கன்றுதான் மேடைக்கு வந்திருக்கிறதா, கடைசி நேரத்தில் விலைக்கு வாங்கிய கொழுத்த கன்றா என்பதைப் பிரித்தறியவே இத்தனை ஏற்பாடு.

அங்கே பிள்ளை தன் கன்றின் இலக்கத்தையும் எடையையும் தீனிச் செலவையும் தன் கையால் கொப்பியில் எழுத வேண்டும். பதிவு, வளர்ப்பவரின் கல்வியாக இருக்கிறது. இங்கே பதிவு பெரும்பாலும் அலுவலகத்தின் வேலையாக நின்றுவிட்டது. குறி சுட்ட காலத்தில் ஊரே வாசித்த அடையாளத்தை இப்போது கிட்டப்போய்க் காதைப் பிடித்துத்தான் வாசிக்க வேண்டும். வாசித்தாலும் அது வெறும் எண். காட்டில் கண்டவர் சேதி சொல்ல முடிவதில்லை. வீதியில் வாகனம் மோதிச் செத்துக் கிடக்கும் மாட்டுக்கு உரியவர் வந்து சேர நேரமாகிறது. கள்ளருக்கும் வேலை எளிதாயிற்று: சுட்ட குறியை மறைக்க அதன்மேல் இன்னொரு குறி சுட வேண்டியிருந்தது, அது கண்ணுக்குத் தெரிந்துவிடும், தகட்டை நீக்கக் காதை அறுத்தால் போதும். இதனால்தான் பல பட்டிக்காரர் தகடு அடித்த மாட்டுக்கும் இன்னும் இரும்பைக் காய்ச்சுகிறார்கள்.

பட்டியும் சுருங்கிவிட்டது. மேய்ச்சல் தரைகள் பல வேலிக்குள்ளும் வனப் பகுதிக்குள்ளும் போய்விட்டன. பட்டி பட்டியாக வைத்திருந்த வீடுகளில் இன்று இரண்டு மூன்று கறவை நிற்கிறது. காலைப் பால் சங்கத்துக்குப் போகிறது. ஒரு பசு முன்பு பத்துப் பசு கறந்ததில் பெரும்பங்கைக் கறக்கிறது. மாடு கண்ணெதிரே நிற்பதால் தொலைவிலிருந்து வாசிக்கும் தேவையும் குறைகிறது. பிள்ளையின் பேரில் கன்று ஒதுக்குவதும் அரிதாகிவிட்டது.

காய்ச்சிய இரும்பை மீட்டுக் கொண்டுவரச் சொல்ல எவருக்கும் மனம் வராது. கன்று பட்ட நோவை அருகில் நின்று கண்டவருக்கு அறவே வராது. ஆனால் குறி செய்த வேலையில் ஒரு பாதியைத் தகடு இன்னும் செய்யத் தொடங்கவில்லை. இலக்கம் கால்நடை வைத்திய அலுவலகத்தில் இருப்பதுபோல வீட்டுக் கொப்பியிலும் பால் சங்கத்தின் கொப்பியிலும் இருக்கலாம். அதை எழுதும் பொறுப்பை, கன்றைக் கட்டி அவிழ்க்கும் பிள்ளையிடமே கொடுக்கலாம். அதற்குப் பெரிய செலவில்லை. அலுவலகம் எட்டாத ஒரு நாள் வந்தால், இது யாருடைய மாடு என்ற கேள்விக்கு ஊருக்குள் பதில் இருக்க வேண்டும். அப்படியொரு நாள் வரும் என்பதற்கு வன்னிக்கு வேறு சான்று தேவையில்லை.