குதிரை உதையும் பாய்ஸான் பரவலும்

நாணயத்தை 100 முறை சுண்டினால் எத்தனை தலை விழும்? ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் உள்ள வாய்ப்பைச் சொல்வது ஈருறுப்புப் பரவல். சுண்டச் சுண்ட அது மணி வடிவ இயல்நிலைப் பரவலை நெருங்கும் என்று 1733-இல் காட்டினார் கணிதவியலாளர் டி மாய்வர்.

முயற்சிகள் ஏராளம், ஒவ்வொன்றிலும் நடப்பது அபூர்வம் என்றாலோ, அதே ஈருறுப்பு பாய்ஸான் பரவலை நெருங்கும். இதற்கு அருமையான சான்று, 1898-இல் புள்ளியியலாளர் போர்ட்கேவிச் வெளியிட்ட கணக்கு. பிரஷ்ய ராணுவத்தில் குதிரை உதைத்து இறந்தவர்களை அவர் எண்ணினார். 10 படைப்பிரிவுகள், 20 ஆண்டுகள். பிரிவுக்கு ஆண்டுக்கொன்றாக 200 பதிவுகள். மொத்தச் சாவு 122. பதிவுக்குச் சராசரி 0.61. அந்த ஒரே எண்ணை வைத்து, சாவே இல்லாத பதிவுகள் சுமார் 108.7 இருக்கும் என்கிறது பாய்ஸான் சூத்திரம். உண்மையில் இருந்தவை 109!